ஆராய்ச்சிச் சொற்பொழிவும் ஒரு கல்லறை வாசகமும்

சொற்பொழிவு என்றவுடன் பலர் உள்ளத்திலும் தோன்றுவன மேடையும் மாலையும் கைதட்டலுமே. வகுப்பறையில் நிகழும் ஆராய்ச்சிச் சொற்பொழிவோ அத்தகையதன்று. ஆங்கு மாலை இல்லை. கேட்போர் நாள்தோறும் எம்முடன் ஒரே பந்தியில் அமர்ந்து உண்ணும் தோழர்கள். தலைமை தாங்குபவரோ, கூறுவது ஒவ்வொன்றற்கும் ‘இதற்குச் சான்று யாது?’ என வினவும் ஆசிரியர். தமிழ்ச் சிறப்பு வகுப்பில் பயிலும் எம்மனோர்க்கு, ஒரு பொருளை நூல்களிற் கண்டு ஆராய்ந்து, பத்து நிமிட அளவில் வகுப்பின்முன் எடுத்துரைத்தல் பாடத்தின் ஒரு பகுதியாகும். இவ்வாண்டு எமக்கு வாய்த்த முறையில் யாம் பேசிய வரலாற்றை ஈண்டு எழுதப் புகுந்தது எம் திறமையை விளம்புதற்கன்று. பேச்சிற்கு எட்டு நாள் இருக்கையில் எம் கட்டுரையின் முடியே சரிந்து வீழ்ந்தது. அதனால் யாம் கற்ற சில முறைகள் பின் வரும் மாணவர்க்குப் பயன்படலாம் என்னும் கருத்தினாலேயே எழுதுகின்றோம்.

முதலாவது செய்யத்தக்கது பொருளைத் தேர்தல். யாம் ‘போப்பையரும் தமிழும்’ என்று பெரியதொரு தலைப்பை எழுதிக்கொண்டு ஆசிரியரிடம் சென்றோம். அப்பெயர் எமக்கு இளமை முதலே பழக்கமானது. எம் ஊர்த் திருச்சபையின் ஞாயிற்றுப் பள்ளியில், விவிலியக் கதைகளுக்கு அடுத்தபடியாக யாம் கேட்டு வளர்ந்தது போப்பையரின் கதையே. கனடாவைச் சேர்ந்த பிரின்ஸ் எட்வர்டு தீவில் 1820-இல் பிறந்து, இங்கிலாந்தில் வளர்ந்து, 1839-இல் சென்னை வந்து, சாயர்புரம், தஞ்சாவூர், உதகமண்டலம், பெங்களூர் ஆகிய இடங்களிற் பணிபுரிந்து, மீண்டும் இங்கிலாந்து சென்று, 1884-இல் ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்தில் தமிழும் தெலுங்கும் கற்பிக்கும் விரிவுரையாளராய் அமர்ந்தவர் அவர். திருக்குறளை 1886-இலும், நாலடியாரை 1893-இலும், திருவாசகத்தை 1900-இலும் ஆங்கிலத்தில் வெளியிட்டார். 1908-இல் மறைந்தார். 1968-இல் சென்னையில் உலகத் தமிழ் மாநாடு நிகழ்ந்த பொழுது கடற்கரையில் அவருக்குச் சிலை எழுந்தது. இவ்வளவும் தலைப்பின்கீழ் வரிசையாக எழுதியிருந்தோம்.

ஆசிரியர் அதனைப் பொறுமையாகப் படித்துவிட்டு, “தம்பி, இவை யாவும் கலைக்களஞ்சியத்தில் உள்ளனவே. இவற்றை வாசித்துக் காட்டுவதற்கு நீர் எதற்கு? நீர் விடை காண விரும்பும் வினா யாது?” என்றார்.

யாம் சிறிது நேரம் திகைத்து நின்று, “அவர் எத்தகைய தமிழ் மாணவர் என்பதை அறிய விரும்புகின்றேன், ஐயா,” என்றோம்.

“அதுவே உமது பொருள். மற்றவற்றை அதற்கு உதவும் அளவிற்கு மட்டும் வைத்துக்கொள்ளும்,” என்று கூறி விடைகொடுத்தார்.

இதிலிருந்து யாம் அறிந்த முதல் விதி இது: தலைப்பு ஒரு பெயராக இருத்தலினும் ஒரு வினாவாக இருத்தல் நன்று. பெயர் எல்லையற்றது, எவ்வளவு படித்தாலும் அதில் அடங்கும். வினாவோ வேலி போன்றது. எந்நூலைப் படிக்க வேண்டும், எதனை விடுக்க வேண்டும் என்பதை அதுவே காட்டிவிடும்.

‘தமிழ் மாணவர்’ என்னும் சொல் எம் வாயில் வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. போப்பையர் தம் கல்லறையின்மீது ‘இங்கே ஒரு தமிழ் மாணவன் உறங்குகின்றான்’ என்று பொறிக்குமாறு வேண்டினார் என்பதும், அவ்வாறே பொறிக்கப்பட்டுள்ளது என்பதும் தமிழ் நாட்டில் நெடுநாளாக வழங்கி வரும் செய்தி. இதனைக் கேளாத தமிழ் மாணவர் இலர். எம் சொற்பொழிவை இவ்வாசகத்தோடு முடித்துக் கையை மெல்லத் தாழ்த்தி நிற்க வேண்டும் என்று பொருளைத் தேர்ந்த நாளிலேயே தீர்மானித்துவிட்டோம். முடிவை முதலில் தீர்மானித்தல் எத்துணைப் பிழை என்பது பின்னர் விளங்கியது.

இரண்டாவது செயல் குறிப்பெடுத்தல். ஆசிரியர் கூறிய முறைப்படி, குறிப்பேட்டில் தொடர்ச்சியாக எழுதாமல், உள்ளங்கையளவான சீட்டுகளில் எழுதினோம். ஒரு சீட்டில் ஒரே செய்தி. மேல் ஓரத்தில் நூலின் பெயரும் பக்கமும். கீழ் ஓரத்தில் ‘இதனை இவர் எவ்வாறு அறிந்தார்?’ என்னும் வினாவிற்கு விடை. தாமே கண்டு எழுதியவராயின் ‘கண்டவர்’ என்றும், பிறர் கூறக் கேட்டவராயின் ‘கேட்டவர்’ என்றும் குறித்தோம். தொடர்ச்சியாக எழுதிய குறிப்பில் செய்திகள் நூல் கிடந்த வரிசையிலேயே கிடக்கும். சீட்டுகளையோ நம் வினாவிற்கேற்ப வேண்டியவாறு மாற்றி அடுக்கலாம். அதனினும் சிறந்த பயன் கீழ் ஓரத்தால் விளைந்தது. திருக்குறள் மொழிபெயர்ப்பைப் பற்றிய சீட்டு எளிதில் நிரம்பியது. நூலே எம் கல்லூரி நூல்நிலையத்தில் இருந்தது. கல்லறை வாசகத்தைப் பற்றிய சீட்டின் கீழ் ஓரமோ வெறுமையாகவே கிடந்தது. அச்செய்தியைக் கூறும் நூல்களும் மலர்களுமாக ஏழு கண்டோம். ஏழிலும் ஏறத்தாழ ஒரே சொற்கள். கல்லைக் கண்டதாக ஒருவரும் கூறவில்லை. கண்டவர் இன்னார் என்றும் எவரும் குறிக்கவில்லை.

ஈண்டு ஒரு நுட்பம் உண்டு. ஒரு செய்தியை எழுவர் எழுதினால் ஏழு சாட்சிகள் உளர் என்று யாம் எண்ணியிருந்தோம். எழுவரும் ஒருவரிடமிருந்தே பெற்றிருப்பின் சாட்சி ஒருவரே. அவ்வொருவரும் கண்டவரல்லராயின் சாட்சியே இல்லை. சுவடிகளை ஒப்புநோக்கிப் பதிப்பிப்போர் இதனை நன்கு அறிவர். ஒரே மூலத்தைப் பார்த்தெழுதிய பல ஏடுகள் ஒரே பிழையைத் தாங்கி வருமாயின், ஏடுகளின் தொகை அப்பிழையைச் சரியான பாடமாக்கிவிடாது. பதிப்பியல் வகுப்பில் இதனைக் கற்றுத் தேர்வும் எழுதியிருந்தோம். ஆயினும் நாம் விரும்பும் செய்தியின்மீது அவ்விதியைச் செலுத்த எமக்கு மனம் வரவில்லை என்பதே உண்மை.

வெறுமையான ஓரத்தை நிரப்பும் பொருட்டே, இங்கிலாந்தில் மேற்படிப்புப் பயிலும் எம் கல்லூரிப் பழைய மாணவர் ஒருவருக்கு எழுதினோம். ஆக்ஸ்போர்டில் உள்ள செயின்ட் செபல்கர் கல்லறைத் தோட்டத்திற்குச் சென்று அவ்வாசகத்தைப் படம் பிடித்து அனுப்புமாறு வேண்டினோம். வகுப்பில் படத்தைக் காட்டினால் பேச்சு சிறக்கும் என்பதே எம் எண்ணம். ஐயம் தீர்க்கும் எண்ணம் சிறிதும் இல்லை. பத்து நாள் கழித்துப் படம் வந்தது. “கல் முழுவதையும் இருமுறை வாசித்தேன், நீர் எழுதிய தொடர் அதில் இல்லை,” என்று அன்பர் எழுதியிருந்தார்.

படத்தை யாமும் வாசித்தோம். ஜார்ஜ் அக்ளோ போப் என்னும் பெயரும், அவர் தென்னிந்தியாவைச் சார்ந்தவர் என்னும் குறிப்பும், பல்கலைக்கழகத்தில் தமிழ் தெலுங்கு விரிவுரையாளராகவும் பேலியல் கல்லூரியின் குருவாகவும் இருந்தவர் என்பதும், பிறந்த நாளும் இறந்த நாளும் ஆங்கிலத்தில் இருந்தன. கீழே, அக்கல்லை அவர் குடும்பத்தாரும் தென்னிந்தியாவிலுள்ள அவருடைய தமிழ் நண்பர்களும் சேர்ந்து நாட்டினர் என்றும், கீழ்நாட்டு இலக்கியத்திற்கும் தத்துவத்திற்கும் அவர் வாழ்நாள் முழுதும் புரிந்த உழைப்பைப் பாராட்டி நாட்டினர் என்றும் இருந்தது. ‘தமிழ் மாணவன்’ என்னும் சொல் எங்கும் இல்லை.

அன்றிரவு எமக்கு உறக்கம் பிடிக்கவில்லை. பேச்சிற்கு எட்டு நாளே இருந்தன. பேச்சின் உயிர்நிலையாக யாம் வைத்திருந்தது போய்விட்டது. மூன்று வழிகள் தோன்றின. படத்தை மறைத்துவிட்டுப் பழைய கதையையே கூறுதல் ஒன்று. வகுப்பில் எவரும் ஆக்ஸ்போர்டு சென்றவரல்லர், யாரும் மறுக்கப்போவதில்லை. ‘என்ப’ என்னும் ஒரு சொல்லைச் சேர்த்துவிடுதல் மற்றொன்று. பண்டை இலக்கணப் புலவர் முன்னோர் கருத்தை மதித்து வழங்கிய அச்சொல்லினுள் யாம் எம் கோழைமையை ஒளித்து வைக்க எண்ணினோம். உண்மை தெரிந்த பின்னும் ‘இவ்வாறு கூறுவர்’ என்பது பொய் அன்றாயினும் மெய்யும் ஆகாது. உள்ளதை உள்ளவாறு கூறுதல் மூன்றாம் வழி. ஆயின் எம் திருச்சபையார் பெருமையோடு கூறி வந்த கதையை எம் வாயாலேயே இல்லை எனக் கூறுவதா என்று உள்ளம் கூசியது. பொய்ச்சாட்சி கூறலாகாது என்று சிறுவயது முதல் மனப்பாடம் செய்தவர் யாம். பிறரைக் குற்றஞ்சாட்டும் பொய்யை மட்டுமே அது விலக்குகின்றது என்று அதுவரை எண்ணியிருந்தோம். ஒருவரைப் புகழும் பொய்யும் பொய்ச்சாட்சியே என்பது அன்றிரவுதான் எமக்குப் பட்டது.

மறுநாள் படத்தை ஆசிரியரிடம் காட்டினோம். இன்னது செய்க என்று அவர் கூறினாரல்லர். ஒரு வினா மட்டும் எழுப்பினார். “இத்தொடர் கல்லில் இல்லையாயின், அவர் தமிழ் மாணவர் அல்லரோ?”

“தமிழ் மாணவர்தாம், ஐயா.”

“அதனை நீர் வேறு எதனால் அறிவீர்? அதனைத் தேடும். அவர் எழுதிய முன்னுரைகளைப் படித்தீரா?”

யாம் படிக்கவில்லை. அவரைப் பற்றிப் பிறர் எழுதியவற்றையே படித்திருந்தோம். இது எம் முயற்சியிற் பெருங்குறை. அன்று மாலையே நூல்நிலையத்தில் 1900-ஆம் ஆண்டுத் திருவாசக மொழிபெயர்ப்பை எடுத்து முன்னுரையைப் படித்தோம். அதனை அவர் தம் எண்பதாம் பிறந்தநாளில் எழுதி முடித்தார். தமக்கு முதல் தமிழ்ப் பாடம் தொடங்கியது 1837-இல் என்றும், தமிழ்ப் பயிற்சியிற் கழித்த நெடிய வாழ்க்கை அந்நூலோடு நிறைவுறுவதாகத் தாம் கருதுவதாகவும், உள்ளம் உருகிய நிலையிலேயே அப்பணியை முடிப்பதாகவும் அவர் ஆங்குக் குறிக்கின்றார். 1837-க்கும் 1900-க்கும் இடையே 63 ஆண்டுகள். தொடங்கியபோது அவருக்கு வயது பதினேழு. சென்னைக்கு வந்தபோது எம்மைப்போல் ஏறத்தாழ பத்தொன்பது. இதனைக் கணக்கிட்டுப் பார்த்த பொழுது கையிலிருந்த சீட்டு நடுங்கியது என்றால் மிகையன்று.

அம்முன்னுரையில் வேறொரு நிகழ்ச்சியும் உண்டு. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு ஓரிரவு, பேலியல் கல்லூரித் தலைவர் பெஞ்சமின் ஜோவெட் என்பார் போப்பையரோடு கல்லூரி முற்றத்தில் உலாவியவாறே தமிழ் இலக்கியத்தைப் பற்றி உரையாடிக்கொண்டிருந்தார். திருவாசகத்தை அச்சிட வேண்டும் என்று அவர் கூற, தாம் முதியவர் என்றும் வேலையோ நெடியது என்றும் போப்பையர் தயங்கினார். ஜோவெட் நிலவொளியில் திரும்பி நின்று, அவர் தோள்மீது கைவைத்து, பெரியதொரு பணியைக் கையில் வைத்திருப்பதே நீண்ட நாள் வாழும் வழி என்றும், அதனை முடிக்கும்வரை அவர் வாழ்வார் என்றும் கூறினாராம். 1893-இல் ஜோவெட் காலமானார். போப்பையரோ ஏழாண்டு கழித்து நூலை முடித்தார். இருவரும் இன்று ஒரே கல்லறைத் தோட்டத்தில் உறங்குகின்றனர். யாம் பற்றியிருந்த கதையினும் இது சிறந்ததன்றோ? இதற்கு அவரே சாட்சி.

இனி, மூன்றாவதாகிய செயல், கண்டவற்றைப் பேச்சாக அமைத்தல். கட்டுரை கண்ணுக்குரியது, பேச்சு காதிற்குரியது. படிப்பவர் விளங்காத இடத்தில் நின்று முன்பக்கத்தைப் புரட்டலாம். கேட்பவர்க்கு அவ்வசதி இல்லை. ஆதலின் ஐந்து வரி ஓடும் வாக்கியங்களை இரண்டும் மூன்றுமாக உடைத்தோம். ஆண்டுகள் பதினாறு இருந்தன. அவற்றுள் கேட்போர் நினைவிற் கொள்ளவேண்டியவை 1837, 1900 என்னும் இரண்டே எனக் கண்டு, ஏனையவற்றுட் பெரும்பாலனவற்றை நீக்கினோம். சான்றையும் வாயாற் சொல்ல வேண்டும். ஏட்டில் அடிக்குறிப்பு இடலாம். பேச்சிற்கு அடி ஏது? ஆகவே ‘திருவாசக முன்னுரையில் அவரே எழுதுகின்றார்’, ‘கல்லில் உள்ளது இது’ என்று செய்திக்கு முன்பே அதன் பிறப்பிடத்தைக் கூறுமாறு அமைத்தோம். கேட்போர் ஒரு செய்தியை எவ்வளவு நம்பலாம் என்பதை அச்செய்தி செவியில் விழுமுன்பே அறிதல் வேண்டும்.

முழுப் பேச்சையும் ஐந்து சீட்டுகளில் அடக்கினோம். முதற் சீட்டு வினா, இரண்டாவது, வழங்கி வரும் கதையும் கல்லில் உள்ள வாசகமும், மூன்றாவது, 63 ஆண்டுப் பயிற்சி, நான்காவது, நிலவொளியில் நிகழ்ந்த உரையாடல், ஐந்தாவது, விடை. மனப்பாடம் செய்தது தொடக்கத்தில் இரண்டு வாக்கியமும் முடிவில் இரண்டு வாக்கியமுமே. முழுதும் மனப்பாடம் செய்தவர் ஒரு சொல் மறந்தால் ஓடம் கவிழ்ந்தாற்போல் தவிப்பர்; முழுதும் வாசிப்பவரோ கேட்போர் முகத்தைக் காணவே மாட்டார். பொருளை உள்ளத்திலும் வரிசையைச் சீட்டிலும் வைத்தவர்க்கு இவ்விரண்டு இடரும் இல்லை.

பயிற்சிக்கு எம் அறைத் தோழர் செவி கொடுத்தார். அவர் இயற்பியல் மாணவர். தமிழ் ஆராய்ச்சியிற் பழக்கமில்லாதவர். அதுவே நன்மையாயிற்று. அவர்க்கு விளங்காத இடம் எதுவும் எம் குறையே எனக் கொண்டோம். முதல் நாள் பேச்சு பதினான்கு நிமிடம் ஓடியது. விரைந்து பேசிக் காலத்தைக் குறைக்க முயன்றோம். தோழர் கையமர்த்தி, “விரைவைக் கூட்டாதீர், பொருளைக் குறையும்,” என்றார். போப்பையர் நடத்திய பள்ளிகளைப் பற்றிய பகுதி முழுவதையும் நீக்கினோம். தேடித் தேடிச் சேர்த்ததை நீக்குதல் நகையைக் கழற்றுவதுபோல் வருத்தமே தரும். ஆயினும் எம் வினாவிற்கு அது விடையன்று.

பேசும் நாளும் வந்தது. எழுந்து நின்றவுடன் நா உலர்ந்தது. முதல் இரண்டு வாக்கியங்கள் மனப்பாடமாய் இருந்தமையால் அவை எம்மைக் கரையினின்று தள்ளிவிட்டன. பின்வரிசையில் இருந்த ஒரு தோழரை நோக்கிப் பேசினோம். கடைசி வரிசைக்குக் கேட்குமாறு பேசினால் இடையிலுள்ளோர்க்குத் தானே கேட்கும். நடுவில் ஒரு பிழை செய்தோம். போப்பையர் சென்னை வந்த ஆண்டு 1839 என்பதற்கு 1893 என்று கூறிவிட்டோம். உடனே நின்று, “பொறுத்தருள்க, 1839 என்பதே சரி,” என்று திருத்தினோம். சிலர் நகைத்தனர். பிழையை மூடிச் செல்லுதலினும் நகைக்கப்படுதல் நன்று என்று பின்னர் ஆசிரியர் கூறினார்.

‘அவ்வாசகம் கல்லில் இல்லை’ என்று யாம் கூறியவுடன் வகுப்பு அசைவற்றிருந்தது. அஃது எமக்கு ஊக்கம் தரவில்லை; அச்சமே தந்தது. படத்தைக் கையிலிருந்து கைக்கு அனுப்பி, கல்லில் உள்ளதை மெல்லப் படித்துப் பொருள் கூறினோம். தென்னிந்தியாவிலுள்ள தமிழ் நண்பர்கள் என்னும் இடம் வந்ததும் முன்வரிசையில் ஒருவர் நிமிர்ந்து அமர்ந்ததைக் கண்டோம். அதன்பின் அச்சம் நீங்கிற்று.

பேச்சு முடிந்தபின் வினாக்கள் எழுந்தன. வினாவிற்கு விடை கூறுதலும் சொற்பொழிவின் ஒரு பகுதியே. அறிந்ததைக் கூறுக, அறியாததை அறியேன் எனக் கூறுக என்பதே அதன் இலக்கணம். ஒரு நண்பர் எழுந்து வருத்தத்தோடு, “எம் தந்தையார் எமக்குச் சொல்லிய கதையை நீர் எடுத்துவிட்டீரே, அதற்கு ஈடாக எமக்கு என்ன தந்தீர்?” என்றார். அவ்வினாவில் அன்பும் இருந்தது. அதனால் அது கடினமாயிற்று.

யாம் விடையிறுத்தோம்: “நண்பரே, ஒரு வரியை எடுத்தோம், 63 ஆண்டுகளைத் தந்தோம். அக்கதையிலும் ஓர் உண்மை உண்டு. கடல் கடந்து கிடக்கும் அக்கல்லைத் தமிழரும் சேர்ந்து நாட்டினர் என்பது கல்லிலேயே உள்ளது. உம் தந்தையாருக்கு அதனைச் சொல்லுங்கள், அவர் மகிழ்வார்.”

அவர் அமர்ந்தார். மனநிறைவோடு அமர்ந்தாரோ இல்லையோ, அன்று மாலை விடுதியில் எம்மிடம் வந்து அப்படத்தின் படி ஒன்று கேட்டுப் பெற்றுச் சென்றார்.

வகுப்பில் எமக்குப் பெருங் கைதட்டல் கிடைக்கவில்லை. பழைய முடிவோடு பேசியிருப்பின் கிடைத்திருக்கலாம். ஆயினும் ஆராய்ச்சிச் சொற்பொழிவு என்பதன் பொருள் இப்பொழுது எமக்கு விளங்குகின்றது. தாம் முன்பே நம்பியதற்கு அணி தேடுதல் ஆராய்ச்சியன்று. தமக்கு மிக இனிய செய்தியை முதலிற் சோதித்தலே ஆராய்ச்சி. அச்சோதனையில் நிலைத்ததைக் கேட்போர் செவியில் ஏறுமாறு கூறுதலே சொற்பொழிவு. அடுத்த ஆண்டு இம்முறையில் நிற்கப்போகும் இளைய மாணவர் தம் சீட்டின் கீழ் ஓரத்தை வெறுமையாக விடாதிருப்பாராக. அவ்வோரத்தை நிரப்பப் புகுந்தே யாம் ஒரு கதையை இழந்தோம். தம் பதினேழாம் வயதில் தொடங்கிய பாடத்தை எண்பதாம் வயதில் முடித்த ஒரு தமிழ் மாணவரை அடைந்தோம்.